தேதி கிழிப்பவர்

அவர் என் கடைக்குள் வந்தால் முதலில் என்னைப் பார்க்க மாட்டார். சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரைத்தான் பார்ப்பார். வேலை மும்முரத்தில் நான் இரண்டு மூன்று நாள் தாளைக் கிழிக்காமல் விட்டிருப்பேன். நேரே போய், ஒவ்வொரு தாளாக, ஓரம் பிசிறாமல் கிழிப்பார். கிழித்ததைக் கசக்கிப் போடவும் மாட்டார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். அப்புறம்தான் என் பக்கம் திரும்புவார்.

"நேத்துத் தேதிய எதுக்கும்மா தொங்க விட்டிருக்க? போனது போனதுதான்."

பார்த்தால் வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர் போல இருப்பார். வெள்ளை அரைக்கைச் சட்டை, நெற்றியில் ஒரு கீற்று விபூதி, குரல் எப்போதும் பக்கத்தில் குழந்தை தூங்குகிற மாதிரி. மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர். மேற்குத் தாம்பரத்தில் பத்திரப் பதிவு ஆபீசுக்குப் போகிற சந்தில் நான் டைப்பிங், ஜெராக்ஸ், லேமினேஷன் கடை வைத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அடிதடி, பொய்க் கையெழுத்து, செத்தவர் பெயரில் ஆள் நிறுத்துவது என்று எல்லாவற்றையும் இந்தச் சந்தில் பார்த்திருக்கிறேன். அந்த ஆட்கள் மேல் கோபம்தான் வந்தது. இவரை நினைத்தால் மட்டும் குமட்டுகிறது.

காத்திருப்பது, அது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த வித்தை. கரண்ட் பில்லைக் கடைசி நாள்தான் கட்டுவார். புது மிக்சியைக் கேரண்டி முடிகிற அன்றைக்குக் கொண்டுபோய், சத்தம் ஜாஸ்தியாக இருக்கிறது என்று மாற்றி வாங்கி வந்தார். பக்கத்து வீட்டுக்காரர் வெள்ளையடிக்கக் கொடுத்த ஏணியை மூன்று வருஷம் திருப்பித் தரவில்லை. அந்த மனிதர் வீடு மாறிப் போகும்போது நினைவு வந்து கேட்டாராம். அதற்குள் இவர் அதில் பச்சை பெயின்ட்டில் தன் இனிஷியலை எழுதிவிட்டார்.

"மூணு வருஷமா கேக்கலியேம்மா. வேணாம்னுல்ல நெனச்சேன்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் களவு செய்த கூச்சம் துளியும் இல்லை. நியாயம் தன் பக்கம் இருக்கிறவருடைய நிம்மதிதான் இருந்தது. பேச்சை முடிக்கும்போது அவர் எப்போதும் சொல்கிற வாக்கியத்தையும் சொன்னார்.

"நாள் தானா ஓடும்மா. நாம ஏன் ஓடணும்?"

நானும் சிரித்தேன். ஏணிதானே.

பெரிய வெள்ளம் வருவதற்கு நாலைந்து வருஷம் முன்பு, ஒரு மே மாதம், கையால் எழுதிய தாள் ஒன்றைக் கொண்டுவந்து டைப் செய்யச் சொன்னார். அவருடைய அப்பா உயில் எழுதாமல் இறந்துபோயிருந்தார். வண்டலூர் தாண்டி ரோட்டை ஒட்டிப் பதினெட்டு சென்ட் நிலமும் அதில் ஒரு பழைய ஓட்டு வீடும் மிச்சம். பிள்ளைகள் இரண்டே பேர், இவரும் ஒரு தங்கையும். தங்கை புருஷனை இழந்தவர், பள்ளிக்கரணையில் வாடகை வீடு, எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. சட்டப்படி பாதி அந்தத் தங்கைக்கு. தாளில் இருந்தது இதுதான்: அப்பாவின் சொத்து முழுதும் என்னுடையது, உனக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை, இந்தக் கடிதத்தின் மூலம் இதை உனக்குத் தெரிவிக்கிறேன்.

"இங்கிலீஷ்ல போட்டுரும்மா. தமிழ்ல வேணாம்."

"அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா சார்?"

"அஞ்சாங்கிளாஸ்மா அவ" என்றார், அதே மெல்லிய குரலில்.

டைப் செய்து முடித்துக் காட்டினேன். நிதானமாகப் படித்தவர் மேலே ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். "இங்க 'அன்புள்ள தங்கைக்கு'ன்னு ஒரு வார்த்தை சேத்துரும்மா. என்ன இருந்தாலும் கூடப் பொறந்தவ இல்லியா?"

சேர்த்தேன். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பழகிய வழக்கப்படி தாளின் அடியில், இடது மூலையில், என் பெயரின் முதல் இரண்டு எழுத்தைச் சின்னதாகப் போட்டேன். அவர் அதைப் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினார். ஒரு வாரத்தில், தங்கை கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்ட அந்த அட்டை அவர் கைக்குத் திரும்பி வந்தது. அதை என்னிடம்தான் லேமினேஷன் பண்ணக் கொண்டுவந்தார். சாமி படத்துக்குப் பண்ணுகிற மாதிரி நாலு பக்கமும் இடம் விட்டுப் பண்ணச் சொன்னார்.

அன்றைக்குத்தான் எனக்கு விளக்கினார். யாரோ வக்கீல் சொல்லிக் கொடுத்திருக்கிறார். "கூடப் பொறந்தவ பங்கு சும்மா வருஷம் போனா போவாதும்மா. உனக்கு இல்லன்னு நாம சொல்லணும். சொன்னது அவ கைக்குப் போயிருக்கணும். அப்புறம் பன்னெண்டு வருஷம் அவ கேஸ் போடாம இருக்கணும். இருந்தா முடிஞ்சுது."

"பன்னெண்டு வருஷமா சார்?"

"ஓடிரும்மா."

ஊரில் தங்கையை ஏமாற்றுகிற அண்ணன்கள் நிறையப் பேர். சண்டை போடுவார்கள், போக்குவரத்தை நிறுத்துவார்கள், தங்கையும் ஆத்திரத்தில் கோர்ட்டுக்குப் போவாள். இவர் அந்தத் தப்பைச் செய்யவில்லை. ஒரு பொங்கல் விடாமல் சீர் கொண்டுபோனார். புதுப் பானை, மஞ்சள் கொத்து, இரண்டு கரும்பு, பச்சரிசி, வெல்லம், ஒரு புடவை. தங்கை மகளுக்குக் காது குத்தியபோது தாய்மாமனாக மடியில் உட்கார வைத்துக்கொண்டார். அவள் பெரியவளானபோது தட்டு வரிசையோடு தெருவே பார்க்கப் போய் நின்றார். அண்ணன் இப்படிச் செய்கிறபோது எந்தத் தங்கை பங்கு கேட்பாள்? கேட்டால் பிறந்த வீடு போய்விடும். அந்தப் பயத்தை அவர் வருஷா வருஷம் கரும்பும் மஞ்சளும் வைத்து வளர்த்தார்.

போகிற வழியில் என் கடைக்கும் ஒரு துண்டுக் கரும்பு வரும். "நாலு முடிஞ்சு அஞ்சு நடக்குதும்மா" என்பார். நானும் வாங்கித் தின்றேன். அதைச் சொல்லாமல் விட்டால் இந்த எழுத்துக்கு அர்த்தம் இல்லை.

அவருடைய தங்கையை முதலில் பார்த்தது வெள்ளத்துக்குப் பிறகு. தண்ணீரில் போன ரேஷன் கார்டுக்கு மனு டைப் செய்ய வந்திருந்தார். அண்ணன் பெயரைச் சொல்லி, அவர்தான் இந்தக் கடைக்குப் போகச் சொன்னார் என்றார். கைகளில் சேற்றுப் புண் ஆறாமல் இருந்தது. ஆனால் வாய் முழுக்க அண்ணன் பெருமை.

"பள்ளிக்கரணையே கடலு மாரி கீது. இடுப்பளவு தண்ணி. எங்கண்ணன் எங்கருந்தோ வந்துகினு என்னயும் பொண்ணயும் இட்டாந்துட்டாரு. நான் சொன்னேன், அப்பா வூடு சும்மாதான கீது, அங்க நாலு நாளு இருந்துக்கறேன்னு. கேக்கவே இல்ல. பழைய வூடும்மா, தேளு பூரான் வரும், நீ போய் அங்க படுக்கறதான்னு, தாம்பரத்துல லாட்ஜு ரூம் எடுத்துக் குடுத்தாரு. டிவி, பாத்ரூம்லாம் வெச்ச ரூம்மு. யாரு செய்வா சொல்லு?"

இரண்டு நாள் முன்புதான் அந்த அண்ணன் இதே நாற்காலியில் உட்கார்ந்து, துவைத்து மடித்த கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி சொல்லியிருந்தார்.

"அந்த வூட்ல ஒரு நாள் அவ பாய் போட்டுப் படுத்தா போதும்மா. நானும் அனுபவிச்சேன்னு நாளைக்குச் சொல்லுவா. ஓடுன அஞ்சு வருஷமும் வீணாப் போயிரும். லாட்ஜுக்குச் செலவானா ஆவட்டும்."

ஊரே மிதந்த அந்த வாரத்தில், மொட்டை மாடியில் நின்று சாப்பாட்டுப் பொட்டலத்துக்குக் கை நீட்டிய அந்த வாரத்தில், இந்த மனிதர் தங்கையைத் தூக்கிவரும்போது கணக்குப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். இடுப்பளவு சாக்கடைத் தண்ணீரைவிட அது எனக்கு அருவருப்பாக இருந்தது. இருந்தும் நான் அந்த அக்காவிடம் வாயைத் திறக்கவில்லை. மனுவை எடுத்துக் கொடுத்து, "பத்திரமா போங்கக்கா" என்றேன். நமக்கெதுக்கு வம்பு, குடும்ப விஷயம், நாளைக்கு அவர் வந்து கேட்டால் என்ன சொல்வது. இப்படி நூறு சாக்கு எனக்கும் கிடைத்தது.

கொரோனா வந்து எல்லாம் மூடிய காலத்தில் ஒரு நாள் போன் செய்தார். ஆம்புலன்ஸ் சத்தம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த நேரம். நலம்தான் விசாரிக்கிறார் என்று நினைத்தேன்.

"ஊரே அடங்கிக் கெடக்கு பாத்தியாம்மா. கோர்ட்டு இல்ல, ஆபீஸ் இல்ல. நாள் மட்டும் ஓடுது. காலைல எழுந்தா தேதி கிழிக்கறது ஒண்ணுதான் வேல." குரலில் அப்படி ஒரு குளிர்ச்சி. "ஒம்போது ஓடிட்டுது."

பன்னிரண்டாவது வருஷம் முடிகிற நாள் மே மாதத்தில் வந்தது. அப்போது கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை. கெடு முடிகிற நாளில் கோர்ட் மூடியிருந்தால், திறக்கிற அன்றைக்கு வந்து வழக்குப் போடலாம். அந்த ஒரு நாள் சலுகையும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஜூன் முதல் வாரத்தில் கோர்ட் திறந்தபோது அவருடைய தங்கை தாம்பரத்தில் இல்லை. அண்ணனோடு காசியில் இருந்தார்.

திரும்பி வந்த மறுநாள் அண்ணன் மட்டும் கடைக்கு வந்தார். காலண்டர் பக்கம் போய், அன்றைய தேதி வரைக்கும் கிழித்தார். பிறகு பையிலிருந்து, மூடியை ஈயம் வைத்து அடைத்த சின்னச் செம்பு ஒன்றை எடுத்து என் மேசைமேல் வைத்தார்.

"கங்கத் தண்ணிம்மா. உனக்குத்தான்."

"தங்கச்சியும் வந்தாங்களா சார்?"

"அவளுக்காகத்தான போனதே. அப்பாவுக்குத் திதி குடுத்தோம். கங்கையில எறங்கி என் கையைப் புடிச்சிகினு அழுதாம்மா. அண்ணா, நீ இல்லன்னா எனக்கு யாருன்னு." கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. அதே மூச்சில் சொன்னார், "முடிஞ்சுதும்மா. இனிமே பிரம்மாவே வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

நடிக்கவில்லை, அதுதான் என்னால் தாங்க முடியாதது. அந்தக் கண்ணீரும் உண்மை, அந்தக் கணக்கும் உண்மை. தங்கை மேல் பாசம் வைத்துக்கொண்டே தங்கையின் பாதியை விழுங்குவதற்கு இவர் மனசில் எங்கோ ஒரு வழி இருந்தது. அவர் போனதும் அந்தச் செம்பை மேசைக்கு அடியில் தள்ளினேன். கங்கைத் தண்ணீரைக் கொட்டவும் மனசு வரவில்லை, வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சாமி முன் வைக்கவும் கை வரவில்லை. கால் படும்போதெல்லாம் கூசியது.

சில மாதம் கழித்து வேறு ஒரு வக்கீல் வேறு ஒரு வழக்குக்குத் தாள் டைப் செய்யக் கொடுத்தார். அதில் ஒரு பத்தி என் கையைப் பிடித்து நிறுத்தியது. கொரோனா காலத்து நாட்களை வழக்குப் போடும் கெடுவில் சேர்க்கக் கூடாது, அது உச்ச நீதிமன்றத்து உத்தரவு என்று இருந்தது.

"எவ்ளோ நாள் சார் சேர்க்கக் கூடாது?"

"ரெண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் கம்மி. ஏன்மா?"

"சொத்துப் பங்கு கேக்கற கேசுக்கும் உண்டா?"

"எல்லா கேசுக்கும்தான்."

மேசைக்கு அடியில் காலை நீட்டினேன். செம்பு தட்டுப்பட்டது. ஒரு நாள் விடாமல் எண்ணியவர், வெள்ளத்தில் எண்ணியவர், கங்கைக் கரையில் நின்று எண்ணியவர், எண்ணக் கூடாத நாட்களையும் சேர்த்து எண்ணிவிட்டிருந்தார். ஊரே செத்துச் செத்துப் பிழைத்த அந்த நாட்கள்தான், அவர் போனில் எனக்குச் சொல்லிச் சந்தோஷப்பட்ட அதே நாட்கள். அந்த அக்காவுக்கு இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் பாக்கி இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கரணைக்குப் போனேன். இரண்டு அறை வீடு. சுவரில் வெள்ளம் ஏறிய கோடு சுண்ணாம்புக்கு மேலும் தெரிந்தது. டிவி மேல் காசியில் எடுத்த போட்டோ, அண்ணனும் தங்கையும் ஈரத் துணியோடு. காபி கொடுத்தார். நான் குடிக்காமல், பன்னிரண்டு வருஷம் முன்பு வந்த தபால் இருக்கிறதா என்று கேட்டேன்.

"கீதே. வெள்ளத்துல கூட பீரோ மேல் தட்டுல இருந்ததால தப்பிச்சுது. அது பட்டா ஆபீஸ் பேப்பராச்சே. தபால் வந்த மறுநாளே அண்ணன் பூ வாங்கினு வந்து சொன்னாரு, பிரிக்காத, பத்திரமா வெய்யின்னு."

கொண்டுவந்தார். கவர் பிரிக்காமலே இருந்தது. நான் பிரித்தேன். படித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, ஒவ்வொரு வரியும் எனக்குத் தெரியும். தமிழில் சொன்னேன். 'அன்புள்ள தங்கைக்கு' என்று தொடங்கி, 'எந்தப் பங்கும் இல்லை' வரைக்கும். பிறகு பன்னிரண்டு வருஷக் கணக்கைச் சொன்னேன். லாட்ஜ் ரூம் எதற்கு என்று சொன்னேன். காசிக்குப் போன தேதியைச் சொன்னேன். கடைசியாக, இன்னும் கெடு இருக்கிறது என்றும் சொன்னேன்.

அந்த அக்கா அழவில்லை. எழுந்து போய் டிவி மேல் இருந்த போட்டோவைப் படுக்க வைத்தார். திரும்பி வந்து தாளைக் கையில் வாங்கி, படிக்கத் தெரியாத அந்த எழுத்துகள் மேல் தையல்காரி துணியில் பிசிறு பார்க்கிற மாதிரி விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். அடியில், இடது மூலையில் விரல் நின்றது.

"இது இன்னா, தனியா ரெண்டு எழுத்து?"

"டைப் பண்ணவங்க பேருக்கா. நான்தான்."

தாளைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கு ரேசன் காடுக்கு வந்தப்போ லாட்ஜு கதைய உன்கிட்ட சொல்லிகினு இருந்தேனே. அப்ப தெரியுமா உனக்கு?"

"தெரியும்க்கா."

"சரி. நீ போ" என்றார். ஆறிப்போன காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வழக்குப் போட்டார். ஒரு மாதம்கூடத் தாமதிக்கவில்லை. மனுவை டைப் செய்ய என் கடைக்கு வரவில்லை. எதிர்க் கடையில் டைப் செய்தார்கள். வக்கீல் பக்கத்தில், முதுகு நேராக, அந்த அக்கா உட்கார்ந்திருந்ததை என் கடைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. சாட்சிப் பட்டியலில் மட்டும் என் பெயரைச் சேர்த்திருப்பதாக அந்தக் கடைப் பெண் பிறகு வந்து சொன்னாள். கடிதத்தைத் தமிழில் வேண்டாம் என்று அண்ணன் சொன்னதை நான் கோர்ட்டில் சொல்ல வேண்டுமாம். சொல்வேன்.

சம்மன் போன பிறகு அவர் வந்தார். விபூதி, வெள்ளைச் சட்டை, எல்லாம் அப்படியே. அன்றைக்கு மட்டும் காலண்டரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"நாள் முடிஞ்சிருச்சேம்மா. எப்டி எடுத்தாங்க கேஸ?"

"கொரோனா நாளெல்லாம் கணக்குல வராதாம் சார். உச்ச நீதிமன்றத்துல சொல்லிட்டாங்க."

முதலில் அவருக்குப் புரியவில்லை. உதடு மட்டும் அசைந்தது, மறுபடி எண்ணுகிறார் என்று தெரிந்தது. பிறகு, பொருளைப் பறிகொடுத்தவர் மாதிரி, மனதார வருத்தப்பட்டுச் சொன்னார்.

"அத்தன நாளும் கிழிச்சேனேம்மா."

இந்த மனிதரைப் பற்றி எனக்கு மறக்காத வாக்கியம் அதுதான். தங்கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வெட்கம் இல்லை, பயம்கூட இல்லை. கிழித்த தாள்களுக்கு மதிப்பு இல்லாமல் போனதே என்கிற துக்கம் மட்டும்தான் இருந்தது. குனிந்து மேசைக்கு அடியில் இருந்த செம்பை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். தயங்காமல் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அதற்குள் முகம் பழையபடி ஆகிவிட்டது.

"பரவால்ல விடும்மா. சிவில் கேஸு, சீக்கிரம் முடியாது. எனக்கொண்ணும் அவசரம் இல்ல. நாள் தானா ஓடும்."

எழுந்து, வழக்கம்போலச் சுவர்ப் பக்கம் போனார். மூன்று நாள் தாள் கிழிக்காமல் தொங்கிக்கொண்டிருந்தது. முதல் தாளின் அடியில் அவர் விரல் பட்டது.

"அதுல கை வெக்காதீங்க சார்" என்றேன்.